நான்காவது ரீல்

சூரமங்கலம் பார்சல் ஆபீசில் எனக்கு இரவு டியூட்டி.
கோரக்பூர் போகவேண்டிய ஒரு தகர டப்பா
பம்பாயில் வண்டி மாறி ஏறி
எங்கள் எடைமேடையில் வந்து குந்தியது.
பதினாறு நாள்.
கேட்க ஆளில்லை, டெமரேஜ் மட்டும் ஏறியது.

மூடியில் இருப்பது இந்தி என்றே நினைத்தேன்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைக் கூர்க்காவைக் கூப்பிட்டேன்.
டார்ச் அடித்துப் பார்த்தவன்
மூடிமேல் உள்ளங்கையை வைத்தான்
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"எங்க பாஷை சார். சினிமா. நாலாவது ரீல்."
மற்றதெல்லாம்?
"ஊருக்குப் போயிருக்கும். இது மட்டும் சேலம் பார்க்க வந்திருக்கு."

மாதாமாதம் ஐந்து ரூபாய்க்கு வந்து நிற்பவன்.
ஒன்பது வருஷமாகக் கேட்காததைப்
பதிவேட்டுக்காகக் கேட்டேன்.
ஜித்மான் குருங்.
எழுதி முடித்த பிறகும் பேனா கொஞ்சம் நின்றது.

செய்தது குற்றம். ரயில்வே சட்டத்தில் பிரிவு இருக்கும்,
நான் தேடவில்லை.
குகைப் பக்கத்துத் தியேட்டர் ஆபரேட்டர் தீர்த்தகிரி
எனக்கு நானூறு ரூபாய் பாக்கி.
இரண்டாம் ஆட்டம் விட்டதும்
ஒன்றும் பேசாமல் புதுக் கார்பன் மாட்டினான்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு
அஸ்தம்பட்டியில் விசில் இல்லை.
ஃபேர்லேண்ட்ஸில் தடி தட்டவில்லை.
லீ பஜார் மஞ்சள் மூட்டைகள்
தங்களைத் தாங்களே காத்துக்கொண்டன.
இருபத்திரண்டு கூர்க்காக்கள்,
பால்கனி காலியாய்க் கிடக்க, பெஞ்சில்.
கடைசி பஸ்ஸில் ஏற்காடு இறங்கி வந்த தில்குமாரி,
கான்வென்ட் சமையல்கட்டில் வேலை,
சேலத்து வெக்கையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷம்.
கடிதத்தோடு ஒரு பெண்
படித்துச் சொல்ல ஆள் தேடிப் போகிறாள்.
தொங்குபாலம். பஸ். பஸ் கூரைமேல் ஆடு.
யாரோ யாரையோ போகாதே என்கிறார்கள்,
அது எனக்கே புரிந்தது.
பள்ளிக்கூட வாத்தியார் உறையைக் கிழிக்கிறார்.
வெள்ளைத் திரை.

ஒருவரும் எழவில்லை.
தீர்த்தகிரி மறுபடி ஓட்டினான். அப்புறம் இன்னொரு தடவை.
மூன்றாம் தடவை
திரைக்கு முந்தி அவர்கள் வசனம் சொன்னார்கள்.
பிறகு சண்டை, கடிதத்தில் என்ன?
சாவு என்றான் ஒருவன். மணியார்டர் என்றான் ஒருவன்.
பொத்தானைத் திருகியபடி தில்குமாரி சொன்னதை
ஜித்மான் எனக்குத் தமிழாக்கினான்:
"என்ன எழுதியிருந்தாலும் சரி,
எழுதினவன் வரமாட்டான்."

டப்பா அவன் தோளில், சைக்கிளை உருட்டிக்கொண்டு நான்.
"எங்க பாஷை முதல் முதல்ல படத்துல பேசினது
காட்மாண்டுல இல்ல சார், கல்கத்தாவுல.
எங்க மண்ணுல ஒரு படம் எடுக்க
மேற்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு.
அதுக்கப்புறமும் கழுவுறதுக்குப் பெட்டி கீழே இறங்கும்.
எங்களை மாதிரி."

மலையாளமும் அப்படித்தான் என்றேன்.
வாயைத் திறந்தது இங்கே,
ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோ வளைவு நிற்கிறதே, அதற்குள்.
"அப்போ சேலம் பிரசவ ஆஸ்பத்திரியா?"
பெண்களுக்காவது தாய்வீடு உண்டு.

சுண்ணாம்புக் கரடு நிலாவில் வெளுத்திருந்தது.
பனி மாதிரி இல்லை? என்று கேட்டுவைத்தேன்.
ஏறிட்டுப் பார்த்தான்.
"சுண்ணாம்பு மாதிரிதான் சார் இருக்கு."

புதன்கிழமை டப்பா வடக்கே ஏறியது.
சேதம்: ஏதுமில்லை என்று எழுதினேன்.
ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சைக்கிள் போயிருந்தது அந்த ராத்திரி.
கூர்க்கா எங்கே போனான் என்று கேட்டார்கள்.
ஆளுக்கு ஏழு ரூபாய் போட்டுக் கொடுத்தார்கள்.
"பால்கனியைவிட ஜாஸ்தி" என்றான் ஜித்மான்,
"பரவாயில்ல, நல்ல படம்."

ஏற்காட்டுப் பஸ் கண்டக்டர் கையில்
எனக்கும் ஏழு ரூபாய் வந்தது, காகிதத்தில் மடித்து.
உள்ளே நாலு வரி, மூடியில் பார்த்த அதே எழுத்து.
படிக்கச் சொல்லி
நான் யாரையும் கூப்பிடவில்லை.